எல்லோருக்கும் வந்த நோய் அந்த ஒருவருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி ஆறுவதற்குள் படித்து முடிக்க முடியாது. சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாவகாசமாகப் படியுங்கள்.

முதல் உலகப் போர் என்றால் பள்ளிப் பாடத்தில் என்னென்ன வரும்? சரஜேவோவில் இளவரசர் சுடப்பட்டது, பதுங்குகுழிகள், விஷவாயு, வெர்சாய் உடன்படிக்கை. வயிற்றைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது. ஆனால் அந்தப் போரில் சிப்பாய்களைப் படுக்கையில் தள்ளியதில் வயிற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். இன்றைய இராக்கில் குட் என்று ஓர் ஊர். 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை, 147 நாள், பிரிட்டிஷ் இந்தியப் படை அங்கே துருக்கியரின் முற்றுகையில் சிக்கிக் கிடந்தது. கடைசியில் சரணடைந்தவர்கள் சுமார் 13,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர்கள். குண்டுக்குத் தப்பியவர்களைப் பசியும் ஸ்கர்வியும் சீதபேதியும் பிடித்துக்கொண்டன. முற்றுகையிலும் அதற்குப் பின் வந்த சிறைவாசத்திலும் எத்தனையோ பேர் அப்படித்தான் போனார்கள்.

எதிர்த்தரப்பிலும் இதே கதைதான். 1916 ஆகஸ்டில் ருமேனியா போரில் இறங்கியது. உடனே டோப்ருஜா என்ற பகுதிக்குள் ஜெர்மானிய, பல்கேரிய, துருக்கிப் படைகள் நுழைந்தன. தன்யூப் ஆற்றுக்கும் கருங்கடலுக்கும் நடுவில் இருக்கிற நிலம் அது. அங்கே போன ஜெர்மானியச் சிப்பாய்களிடையே கடுமையான பேதி பரவியது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஒருவர் மட்டும் படுக்கவில்லை. அதே முகாம், அதே சாப்பாடு. அவருக்கு வயிற்றில் ஒரு கடுப்பு கூட இல்லை.

அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவரைக் கவனித்த ஒரு மருத்துவரைப் பற்றியும்.

அதற்கு முன்னால், அன்றைய மருத்துவம் எங்கே நின்றது என்று பார்த்துவிடுவோம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகள் கிருமிகளைக் கண்டுபிடித்த காலம். பிரான்சில் லூயி பாஸ்டர், ஜெர்மனியில் ராபர்ட் கோக். காசநோய்க்கு ஒரு கிருமி, காலராவுக்கு ஒரு கிருமி என்று வரிசையாகப் பிடித்தார்கள். 1897ல் ஜப்பானில் சீதபேதி கொள்ளைநோயாக வந்தது. சுமார் 90,000 பேரைப் பிடித்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். கியோஷி ஷிகா என்ற இளம் ஆய்வாளர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அவர் பெயரால்தான் அதை இன்றும் ஷிகெல்லா என்கிறோம்.

இந்த வெற்றிகளால் மக்கள் மனதில் கிருமி என்றாலே எதிரி என்று பதிந்துபோனது. அது இயல்புதான். வீட்டுக்கு வீடு சாவு விழுந்த காலம் அல்லவா?

ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருந்த சிலருக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. 1877லேயே பாஸ்டரும் அவருடைய உதவியாளர் ஜூபேரும் ஒன்றைக் கவனித்தார்கள். ஆந்த்ராக்ஸ் கிருமியைத் தனியாக வளர்த்தால் செழிப்பாக வளர்கிறது. வேறு சாதாரண பாக்டீரியாக்கள் அதோடு கலந்துவிட்டால் வளராமல் சுணங்குகிறது. கிருமிகளுக்குள்ளும் பகை இருக்கிறது என்று அன்றே எழுதி வைத்தார்கள்.

1885ல் மியூனிக் நகரில் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து ஒரு பாக்டீரியாவைக் கண்டார். நோயில்லாத குழந்தைகளின் குடலிலும் அது குடியிருந்தது. இன்று ஈ.கோலை என்கிறோமே, அதுதான். அந்த 'ஈ' அவருடைய பெயரைக் குறிக்கிறது. ஈ.கோலை என்றதும் குடிநீர் கெட்டுப்போன செய்திதான் நமக்கு நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்தில் கெட்டவையும் உண்டு, சாதுவானவையும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிசியே என்பவர் இருந்தார். 1899ல் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டைக் குச்சி போல இரண்டாகப் பிரிந்த ஒரு பாக்டீரியாவைப் பார்த்தார். இன்று பிஃபிடோபாக்டீரியம் என்று பெயர். பேதியால் அவதிப்படும் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று 1906 வாக்கில் அவர் சொன்னார்.

அதே நிறுவனத்தில் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1908ல் நோபல் பரிசு வாங்கியவர். பல்கேரியாவில் கிராமத்து மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், அவர்கள் தினமும் புளித்த பாலைச் சாப்பிடுகிறார்கள், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர் நம்பினார். தானும் தினமும் புளித்த பால் குடித்தார். உலகமே தயிர் தயிர் என்று அலைந்தது. ஆனால் அந்தத் தயிர் பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழாது என்பதை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் லியோ ரெட்ஜர் 1920 வாக்கில் காட்டினார். பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக எதுவும் உண்மையாகிவிடாது.

டிசியேயும் மெச்னிகோவும் பார்த்த திசையைக் கவனித்தீர்களா? ஒருவர் நோயில்லாத குழந்தையைப் பார்த்தார். இன்னொருவர் நீண்ட நாள் வாழும் கிழவரைப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாம் நோயாளியின் படுக்கையைச் சுற்றி நின்றபோது இவர்கள் நோயில்லாதவர் பக்கம் திரும்பினார்கள்.

இப்போது நம் சிப்பாய்க்கு வருவோம்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஃப்ரைபர்க் என்ற ஊர். அங்கே ஆல்ஃப்ரெட் நிஸ்லே என்ற மருத்துவர் பாக்டீரியா ஆய்வு செய்துகொண்டிருந்தார். பிறந்தது 1874. போர் நடக்கும்போது நாற்பதைக் கடந்தவர். பாஸ்டர் கவனித்த அந்தப் பகை குடலுக்குள்ளும் நடக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் செய்த சோதனை எளிமையானது. ஒருவருடைய குடலிலிருந்து எடுத்த ஈ.கோலையையும் டைஃபாய்டு வகைக் கிருமியையும் ஒரே சாற்றில் கலந்து வளரவிடுவார். பிறகு அகர் என்னும் கடற்பாசிக் கூழ் பூசிய கண்ணாடித் தட்டில் அதைத் தேய்த்து, எது எத்தனை புள்ளியாக முளைத்திருக்கிறது என்று எண்ணுவார். சிலருடைய ஈ.கோலை நோஞ்சானாக இருந்தது. டைஃபாய்டு கிருமி அதை மிதித்துக்கொண்டு வளர்ந்தது. சிலருடைய ஈ.கோலை முரடாக இருந்தது. டைஃபாய்டு கிருமி தலைதூக்கவே முடியவில்லை. இந்தப் பலத்துக்கு அவர் ஓர் எண் கொடுத்தார், நாம் மார்க் போடுகிற மாதிரி. ஒரே பெயர் கொண்ட பாக்டீரியா, ஆனால் ஆளுக்கு ஆள் பலம் வேறு. 1916ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அப்படியானால் அடுத்த வேலை என்ன? மிகப் பலமான ஈ.கோலை யாருடைய வயிற்றில் இருக்கிறது என்று தேட வேண்டும். எங்கே தேடுவது?

1917ல் ஃப்ரைபர்க் பக்கத்தில் இருந்த ராணுவ மருத்துவமனையில் அந்தச் சிப்பாய் வந்து சேர்ந்தார். டோப்ருஜாவில் இருந்தவர். தோழர்கள் எல்லோரும் பேதியில் விழுந்தபோது விழாதவர். மற்ற மருத்துவர்களைப் பொறுத்தவரை வயிற்று நோய் இல்லாதவரிடம் பார்க்க எதுவும் இல்லை. நிஸ்லேக்கு அந்த இல்லாமைதான் செய்தி. அவருடைய மலத்தை வாங்கி அதிலிருந்து ஈ.கோலையைப் பிரித்தெடுத்துத் தன் தட்டில் போட்டிக்கு விட்டார். அது நோய்க்கிருமிகளைப் பலமாக எதிர்த்து நின்றது.

அதை வளர்த்து ஜெலட்டின் உறையில் அடைத்தார். மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதே 1917ல் மூட்டாஃப்ளோர் என்ற பெயரில் அது மருந்தாகப் பதிவானது. அந்த பாக்டீரியாவுக்கு இன்று உலகம் முழுக்க 'ஈ.கோலை நிஸ்லே 1917' என்று பெயர்.

தேதிகளைக் கவனியுங்கள். பென்சிலினை ஃப்ளெமிங் கண்டது 1928ல். அது மருந்தாகக் கைக்கு வந்தது 1940களில். ஆன்டிபயாடிக் என்று ஒன்று இல்லாத காலத்தில், ஒரு பாக்டீரியாவை வைத்தே இன்னொரு பாக்டீரியாவை அடக்க முயன்றார் இந்த மனிதர்.

அதே காலத்தில் வேறு இடங்களிலும் இதே பார்வை முளைத்தது. 1920ல் பிரெஞ்சு இந்தோசீனாவுக்குப் போயிருந்த ஆன்ரி பூலார் காலரா பரவியபோது ஊர் மக்களைக் கவனித்தார். லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்கள் பேதியிலிருந்து தப்புவதாகத் தோன்றியது. அந்தத் தோலிலிருந்து ஒரு ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். இன்று நம் ஊர் மருந்துக்கடையில் பேதிக்குத் தரும் பொடிப் பொட்டலங்களில் சிலவற்றில் இருப்பது அந்த ஈஸ்ட்தான். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930ல் வயிற்று அமிலத்தைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தார். 1935ல் அது சின்னக் குப்பியில் யாகுல்ட் என்று விற்பனைக்கு வந்தது.

நிஸ்லேயின் மாத்திரைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. வரலாறு என்றால் அதையும் சொல்லத்தான் வேண்டும். 1930களின் பிற்பகுதியில் ஹிட்லரின் வயிற்று வலிக்கு அவருடைய சொந்த மருத்துவர் தியோடர் மோரல் இந்த மாத்திரையைத்தான் கொடுத்தார். ஒரு ஏழைச் சிப்பாயின் குடலிலிருந்து வந்தது ஒரு சர்வாதிகாரியின் குடலுக்குப் போனது. பாக்டீரியாவுக்கு அரசியல் தெரியாது.

போருக்குப் பிறகு ஆன்டிபயாடிக் வெள்ளம் வந்தது. எந்தக் கிருமியையும் ஒரு வாரத்தில் கொன்றுவிடலாம் என்ற நிலையில், ஒன்றை விட்டு ஒன்றை விரட்டும் வித்தை யாருக்கு வேண்டும்? நிஸ்லே பெரும்பாலோருக்கு மறந்துபோனார். 1965ல் இறந்தார்.

ஆனால் அந்த ஆன்டிபயாடிக்கே அவருடைய கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தது. 1950களில் சிகாகோவில் மார்ஜோரி போன்ஹாஃப், சி. பிலிப் மில்லர் என்ற இருவர் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண எலிக்கு சால்மொனெல்லா தொற்ற வேண்டுமானால் சுமார் ஒரு லட்சம் கிருமிகள் உள்ளே போக வேண்டும். அதே எலிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துக் குடலைத் துடைத்துவிட்டால்? பத்துக்கும் குறைவான கிருமி போதும்! ஒரு லட்சம் எங்கே, பத்து எங்கே? அந்த வித்தியாசம் முழுவதும் குடலில் குடியிருந்த பாக்டீரியாக்கள் நின்ற காவல். மருந்து அவற்றைக் கொன்றதும் கதவு திறந்துகொண்டது.

1973ல் பின்லாந்திலிருந்து இன்னொரு சாட்சி. அங்கே பண்ணைக் கோழிகளில் சால்மொனெல்லா பரவி அரசாங்கத்துக்கே தலைவலியாகியிருந்தது. நுர்மி, ரன்டாலா என்ற இருவர் ஒன்றை யோசித்தார்கள். தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு அதன் எச்சத்தையும் சேர்த்தே கொத்தி வளரும். மெஷினில் பொரித்த குஞ்சுக்குத் தாயே கிடையாது, குடல் காலியாக இருக்கும். அவர்கள் பெரிய கோழியின் குடலில் இருந்ததை எடுத்துப் புதுக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகள் சால்மொனெல்லாவை எதிர்த்து நின்றன. நாட்டுக்கோழி வளர்த்த நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால், இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று சிரிப்பார்கள்.

சரி, நல்ல பாக்டீரியா எப்படித்தான் சண்டை போடுகிறது? உயிரியல் என் பாடம் இல்லை. எனக்குப் புரிந்த அளவில் வயல்காட்டு மொழியில் சொல்கிறேன்.

முதலாவது இடம். நடவு நெருக்கமாக இருந்தால் களைக்கு இடம் கிடைக்காது. குடல் சுவரும் அப்படித்தான்.

இரண்டாவது உரம். பாக்டீரியாவுக்கு இரும்புச்சத்து வேண்டும். குடலில் அது தாராளமாகக் கிடைக்காது. நிஸ்லேயின் பாக்டீரியாவிடம் இரும்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் கொக்கிகள் ஒன்றல்ல, பல வகை. கலிஃபோர்னியாவில் 2013ல் எலிகளில் செய்த ஆய்வில், இந்த இரும்புப் போட்டியில் சால்மொனெல்லா தோற்று எண்ணிக்கையில் குறைவதைக் காட்டினார்கள்.

மூன்றாவது விஷம். மைக்ரோசின் என்ற சின்னப் புரதங்களை அது சுரக்கிறது. தன் உறவுக்காரக் கிருமிகளையே அது கொல்லும். நிஸ்லே தன் கண்ணாடித் தட்டில் எண்ணிய புள்ளிகளுக்குப் பின்னால் இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. அவர் அன்று எண்ணினார், காரணம் நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

இதுவரை பேசியது குடல். இனி இரைப்பைக்கு வருவோம். பலருக்கு ஆர்வம் இங்கேதான் இருக்கும், அல்சர் இல்லாத வீடு ஏது?

இரைப்பையில் அமிலம் இருக்கிறது, அதில் எந்தக் கிருமியும் வாழாது என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1979ல் ராபின் வாரன் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவ பாக்டீரியாவைப் பார்த்தார். பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். இரண்டு நாளில் முளைக்கவில்லை என்றால் தட்டைத் தூக்கி எறிவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் முளைத்திருந்தது! 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமிதான் ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994ல் அறிவித்தது.

நிஸ்லேயின் கேள்வி உடனே இங்கேயும் வந்தது: இதை அடக்கும் நல்ல பாக்டீரியா உண்டா? ஜப்பானில் தோகாய் பல்கலைக்கழகத்தின் யசுஹிரோ கோகாவும் மெய்ஜி என்ற பால் நிறுவனமும் சேர்ந்து தேடினார்கள். அமிலத்தைத் தாங்க வேண்டும், இரைப்பையில் வளர வேண்டும், பைலோரியை அடக்க வேண்டும். தேடி எடுத்தது லாக்டோபாசில்லஸ் கேசரி என்ற இனத்தில் ஒரு குறிப்பிட்ட வகை. 2000ல் அது தயிராகக் கடைக்கு வந்தது. பைலோரி இருந்தவர்கள் வாரக்கணக்கில் அதைச் சாப்பிட்டதில் கிருமியின் அளவு குறைந்ததாக மூச்சுப் பரிசோதனை காட்டியது.

குறைந்தது. கவனியுங்கள், ஒழியவில்லை.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். என்னிடம் படித்த ஒருவர், இப்போது அவருக்கே ஐம்பது வயது, போன மாதம் போனில் பேசினார். பைலோரி இருக்கிறது என்று டாக்டர் இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதியிருக்கிறார். நாலு நாளில் வாய்க்கசப்பு, வயிற்றுப் பிரட்டல். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: தயிரில் உள்ள நல்ல பாக்டீரியா அல்சர் கிருமியைக் கொன்றுவிடும், மாத்திரை தேவையில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஐயா, இது சரிதானே?" என்று கேட்டார்.

சரியில்லை. பைலோரிக்கு மருந்து ஆன்டிபயாடிக்தான். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அடுத்த முறை அந்த மருந்தே கேட்காது. கூடவே புரோபயாடிக் எடுத்தால் மருந்தால் வரும் பேதி, பிரட்டல் போன்ற தொல்லைகள் குறையலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது துணைக்கு வருகிற ஆள், மருந்தின் இடத்தில் உட்கார வைக்க முடியாது. "இன்றைக்கே டாக்டரிடம் போய் நிறுத்தியதைச் சொல்" என்றேன். போனார்.

வாட்ஸ்அப்பில் வராத பக்கங்கள் இந்த வரலாற்றில் இன்னும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

1985ல் அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இருவர் ஆரோக்கியமான மனிதரின் குடலிலிருந்து ஒரு லாக்டோபாசில்லஸைத் தேர்ந்தெடுத்தார்கள். உலகில் அதிகம் ஆராயப்பட்ட புரோபயாடிக்குகளில் அது ஒன்று. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு நல்லது என்று பரவலாகக் கொடுத்தார்கள். 2018ல் அமெரிக்காவில் 971 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்த பாக்டீரியா, பாதிப் பேருக்கு வெற்றுப் பொடி. ஐந்து நாள் கொடுத்தும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

2008ல் நெதர்லாந்திலிருந்து வந்த செய்தி இன்னும் கசப்பானது. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு, தொற்று வராமல் தடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தோடு புரோபயாடிக் கலவை கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாத 144 பேரில் 9 பேர். நல்ல பாக்டீரியாதானே, என்ன கெடுதல் வரப்போகிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நிஸ்லேயின் பாக்டீரியாவுக்கும் இரண்டு பக்கம் உண்டு. 2004ல் வெளியான ஆய்வில், பெருங்குடல் புண் நோய் அடங்கிய நிலையில் இருந்த 327 பேரை ஓராண்டு கவனித்தார்கள். வழக்கமான மாத்திரை சாப்பிட்டவர்களில் 33.9 சதவீதம் பேருக்கும், நிஸ்லே பாக்டீரியா சாப்பிட்டவர்களில் 36.4 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. ஏறக்குறைய சமம். 87 ஆண்டுக்கு முன்னால் கண்டெடுத்த ஒன்றுக்கு இது சின்ன வெற்றி அல்ல. அதே பாக்டீரியாவிடம் மரபணுவைச் சேதப்படுத்தக்கூடிய கோலிபாக்டின் என்ற நச்சைச் செய்யும் திறனும் இருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. அதனால் அதை இன்னும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. ஒடிசாவில் டாக்டர் பினாகி பாணிக்ரஹி தலைமையில் நடந்த ஆய்வு 2017ல் வெளியானது. கிராமங்களில் பிறந்த 4,556 பச்சிளம் குழந்தைகள். தாய்ப்பால் குடிக்கும், ஓரளவு எடையுள்ள, ஆரோக்கியமான குழந்தைகள். பாதிப் பேருக்கு லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையை, அதற்குத் தீனியான ஒரு சர்க்கரையோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கவனித்தார்கள். ரத்தத்தில் கிருமித்தொற்றோ மரணமோ ஏற்பட்டது, வெற்றுப் பொடி பெற்றவர்களில் 9 சதவீதம். பாக்டீரியா பெற்றவர்களில் 5.4 சதவீதம். பிறந்த ஒரே வாரத்தில் கொடுத்த ஒரு மலிவான பொடி! இதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துபோனது. ஆனால் இது அந்த ஒரு வகைக்கு, அந்த ஒரு விதமான குழந்தைகளுக்குக் கிடைத்த முடிவு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பதில் ஆபத்து உண்டு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023ல் எச்சரித்திருக்கிறது.

ஆக, கடையில் 'நல்ல பாக்டீரியா' என்று எழுதிய எதையும் வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வகை பாக்டீரியா? எந்த நோய்க்கு? யாருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள்? ஒரே இனத்துக்குள்ளேயே பலமானதும் நோஞ்சானும் இருக்கும் என்று 1916லேயே நிஸ்லே எண்ணிக் காட்டிவிட்டார். பாட்டிலின் மேல் இனப்பெயரை மட்டும் போட்டு விற்பது, 'ஒரு ஆசிரியர்' என்று மட்டும் சொல்லி ஆளைத் தேடச் சொல்வது மாதிரி.

தயிரும் மோரும் நீராகாரமும் நல்ல உணவு. நானும் தினமும் மோர் குடிக்கிறேன், குடித்துக்கொண்டே இருப்பேன். உணவை உணவாகச் சாப்பிடுவோம். குழந்தைக்குப் பேதி என்றால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல், பிறகு டாக்டர். பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுவதுதான். தேவையில்லாத சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். சிகாகோ எலியை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு லட்சம் பத்தாகக் குறைந்த கதை.

வரலாற்று ஆசிரியனாக எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இந்தக் கதையில் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. எஷெரிக் பெயர் ஒரு பாக்டீரியாவில், ஷிகா பெயர் இன்னொன்றில், பூலார் பெயர் ஒரு ஈஸ்டில். அந்தச் சிப்பாயின் குடலில் வாழ்ந்த பாக்டீரியாவுக்கு நிஸ்லேயின் பெயர். சிப்பாயை மட்டும் எல்லோரும் 'ஒரு சிப்பாய்' என்றே எழுதுகிறார்கள். அவர் சந்ததி இருக்கிறதோ இல்லையோ, அவர் வயிற்றிலிருந்து வந்த பாக்டீரியாவின் சந்ததி இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

என் பழைய மாணவர்களில் நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர் என்று பலர் இங்கே இருக்கிறீர்கள். நான் எழுதியதில் சேர்க்கவோ திருத்தவோ ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், வாத்தியாரைத் திருத்த உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொரு வேண்டுகோள். உங்கள் வார்டிலோ தெருவிலோ எல்லோருக்கும் வந்த நோய் ஒருவருக்கு மட்டும் வராமல் இருந்ததைப் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.